பொருந்தாததை அடிக்கவும்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு இவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று யாரும் பேசக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக நகராட்சி உரிமப் பிரிவில் ஆய்வாளராக இருக்கிறேன். அளவு நாடாவைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்குகிறவளுக்குப் பேயை நம்ப நேரம் ஏது? ஆனால் நாலு மாதமாக நான் எங்கே உட்கார்ந்தாலும் அங்கிருக்கிற சுவரை யாரோ தட்டுகிறார்கள்.

மூன்று தட்டு. கொஞ்சம் நிற்கும். பிறகு ஓரடி தள்ளி மறுபடி மூன்று தட்டு. பட்டப்பகலில், விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து மேசையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது.

இதெல்லாம் ஆரம்பித்தது, குச்சியால் பந்தைத் தள்ளி ஆடுகிற ஒரு கூடத்தில். எங்கள் படிவத்தில் அதற்குப் பெயர் 'மேசைக் கோற்பந்துக் கூடம்'. ஊரில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், ஸ்னூக்கர் கடை என்பார்கள். ஆறு மேசைக்கு மேல் கூடாது. பள்ளிக்கூடத்திலிருந்து இருநூறு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தெருவில் நடக்கிறவர்களுக்கு உள்ளே தெரிகிற மாதிரி ஜன்னலில் கண்ணாடி இருக்க வேண்டும், திரை போடக் கூடாது. இதையெல்லாம் அளந்து எண்ணி எழுதுவது என் வேலை. படிவம் முழுக்க எண்கள்தான். உண்டா இல்லையா என்று கேட்கிற கட்டம் ஒன்றே ஒன்று: பின்வாசல்.

சோடாபுட்டியின் கூடத்துக்குப் போன வருடம் ஆய்வுக்குப் போனேன். தடித்த கண்ணாடி போட்டிருப்பார், அதனால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். அப்பா விட்டுப்போன பழைய கிடங்கைத் துடைத்து வெள்ளையடித்து, ஐந்து மேசை போட்டு, பச்சைத் துணியில் ஒரு சுருக்கம் இல்லாமல் வைத்திருந்தார். பின்சுவர் நெடுகக் குச்சிகள் வைக்கிற தாங்கி. தாங்கிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். வெறும் சுவர்.

"பின்வாசல் எங்க?"

"இல்லீங்க மேடம். முன்வாசலே பெருசா இருக்கே."

"உங்க வீட்டுக் கல்யாணத்துக்கா வர்றாங்க, வாசல் பெருசா இருக்குன்னு பாக்க? தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவாங்க? கதவு வைங்க, இல்லன்னா உரிமம் வராது."

"ஆகட்டும் மேடம்" என்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டோம் என்று ஒரு திருப்தியோடு படிவத்தை முடித்து அலுவலகத்தில் கொடுத்தேன். உரிமம் தட்டச்சாகி நேரே அவருக்குப் போய்விடும், என் மேசைக்குத் திரும்பி வராது. மறுபடி ஒரு நடை போய்ப் பார்த்திருக்க வேண்டும். போகவில்லை. மழை, காய்ச்சல், வேறு முப்பது கடை. காரணத்துக்கா பஞ்சம்?

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் அங்கே தீப்பிடித்தது. மேற்கூரையில் ஏதோ ஒயர் உருகியது. உள்ளே இருந்தவர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் புகைக்குள் குனிந்து முன்வாசல் வழியே ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் வரவில்லை. அச்சகத்தில் வேலை பார்த்தவர், நாற்பது வயது, கூட வேலை செய்கிறவர்கள் இழுத்ததால் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தவர். பின்சுவர் ஓரமாகக் கிடந்தார்.

தீ அணைந்த மறுநாள் அறிக்கைக்காக என்னை அனுப்பினார்கள். மேசைகள் கரியாகக் கிடந்தன. பந்துகள் மட்டும் தரையில் உருண்டு, சில உருகி, சில முழுசாக. தீயணைப்பு வீரர்கள் வெளியிலிருந்து பின்சுவரை இடித்துத்தான் அவரைத் தூக்கியிருக்கிறார்கள். சுவரின் நடுவே ஆள் போகிற அளவுக்கு ஓட்டை. அன்றைக்குத்தான் அந்தக் கூடத்துக்குப் பின்வாசல் வந்திருந்தது.

குச்சித் தாங்கியை யாரோ பிடுங்கித் தள்ளியிருந்தார்கள். ஓட்டைக்கு இரண்டு பக்கமும் சுவரில் கரி. கரியின் மேல் கைகள். ஒரு ஆளின் உள்ளங்கை, விரல் விரலாக, நெஞ்சு உயரத்தில். இடது மூலையிலிருந்து வலது மூலை வரை, ஓரடிக்கு ஒன்று. ஒரு இடத்தில்கூட விடவில்லை. மூலைக்குப் போய்த் திரும்பியும் வந்திருக்கிறார், திரும்பி வந்த கைகள் கொஞ்சம் கீழே இருந்தன.

அட கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போதுதான் முதல் முறை கேட்டது. எனக்கு இடது பக்கம், மூன்று தட்டு. திரும்பினால் யாரும் இல்லை. ஓட்டை வழியாக வெயில் வந்துகொண்டிருந்தது.

அதற்கப்புறம் விடவில்லை. அலுவலகத்தில் இரும்பு அலமாரிக்குப் பின்னால் தட்டும். "யாரு?" என்றால் பக்கத்து மேசைக்காரி, "என்ன மேடம், யாரு?" என்பாள். வீட்டில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும்போது தட்டும். ஒருநாள் சமையலறைச் சுவரை இரண்டு கையாலும் தடவிக்கொண்டே நான் நகர்ந்துகொண்டிருப்பதை வீட்டுக்காரர் பார்த்துவிட்டார். "என்னத்தைத் தேடற?" என்றார். "ஈரம் இருக்கான்னு பாக்கறேன், உங்களுக்கென்ன?" என்று எரிந்து விழுந்தேன். அவர் வெளியே போனார்.

சோடாபுட்டியைக் கைது செய்தார்கள். ஆய்வின்போது இருந்த பின்வாசலை, உரிமம் கிடைத்ததும் இடம் மிச்சம் பிடிக்கச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார் என்பது வழக்கு. அங்கே கதவே இருந்ததில்லை என்று அவர் கத்தினார். யார் கேட்பார்கள்? சுவரோ இடிந்து கிடக்கிறது. ஆட வந்தவர்களோ தாங்கிக்குப் பின்னால் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது என்கிறார்கள்.

நான் கோப்பை வாங்கிப் பார்த்தேன். என் கையெழுத்துப் படிவம். பின்வாசல்: உண்டு / இல்லை. 'இல்லை'யின் மேல் என் சாய்வுக் கோடு, அவசரத்தில் நான் போடுகிற டிக். அதன் மேலே சின்ன எழுத்தில்: பொருந்தாததை அடிக்கவும்.

இத்தனை வருடமாக அந்த இடத்தில் இருந்த வாக்கியம் 'பொருந்துவதை டிக் அடிக்கவும்'. போன வருடம் படிவத்தைப் புதிதாக அச்சடித்திருக்கிறார்கள். நான் படிக்கவே இல்லை. பழகின படிவத்தை யார் படிக்கிறார்கள்? நான் 'இல்லை' என்றுதான் டிக் அடித்தேன். தட்டச்சு செய்தவள் கண்ணுக்கு அது 'இல்லை'யை அடித்துவிட்ட கோடு. மிச்சம் நின்றது 'உண்டு'.

கோப்பைத் தூக்கிக்கொண்டு தலைமை எழுத்தரிடம் போனேன். படிவத்தை மாற்றி அச்சடித்தவர் அவர்தான்.

பார்த்தார். கதவைச் சாத்தினார். "இதை நீங்க யார்கிட்டயும் சொல்லல, நானும் கேக்கல."

"அந்த மனுஷன் ஜெயிலுக்குப் போவான் சார்."

"காகிதத்துல நீங்க சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. இல்லைங்கறதை அடிச்சிருக்கீங்க, அப்ப கதவு இருந்திருக்கு. ஓய்வுக்கு ஏழு மாசம் இருக்கு உங்களுக்கு. எதுக்கு இந்த வேண்டாத வேலை?"

"கதவு இல்ல சார். நான் பாத்தேன்."

"நீங்க பாத்தது யாருக்கு வேணும்? எழுதினதுதான் வேணும்" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் தட்டியது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார்.

உண்மையைச் சொல்கிறேன், மூன்று வாரம் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வாய் இருக்கிறவள், மூன்று வாரம். படிவத்தை மாற்றியவர் அவர், தட்டச்சு செய்தவள் அவள், கதவு வைக்காதவர் சோடாபுட்டி, நான் மட்டும் என்ன செய்தேன் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிப் பார்த்தேன். சோறு இறங்கவில்லை. சுவர் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரலாம் என்று பூங்காவுக்குப் போனேன். அங்கே என் நெஞ்சுக்குள் தட்டியது. அன்றைக்கு முடிவு செய்தேன்.

தீ விபத்து விசாரணை எங்கள் அலுவலகக் கூட்ட அறையிலேயே, காலை பதினோரு மணிக்கு. நீண்ட மேசையின் தலைமாட்டில் விசாரணை அதிகாரி. ஒரு பக்கம் சோடாபுட்டி, ஜாமீனில் வந்திருந்தார், பாதியாகியிருந்தார். எதிர்ப்பக்கம் இறந்தவரின் அக்கா, தையல் வேலை செய்கிறவர். ஒவ்வொரு விசாரணைக்கும் வந்து, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் போவாராம்.

என்னைக் கேட்டார்கள். சொன்னேன். கதவு இல்லை, நான் கண்ணால் பார்த்தேன், அந்தக் கோடு டிக், படிக்காமல் போட்டது என் தப்பு. தலைமை எழுத்தர் என்னைப் பார்த்த பார்வையை விட்டுத் தள்ளுங்கள். விசாரணை அதிகாரி இரண்டு முறை கேட்டார், இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

சோடாபுட்டி அழுதார். "உரிமம் வந்தப்ப பாத்தேன் மேடம். பின்வாசல் உண்டுன்னு போட்டிருந்தது. நீங்க மனசு இரங்கி விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். கதவு வைக்காம சும்மா இருந்துட்டேன்."

அப்போதுதான் அந்த அக்கா எழுந்தார். அதிகாரியைப் பார்க்கவில்லை, சோடாபுட்டியைப் பார்த்தார்.

"ஒண்ணு கேக்கணும். என் தம்பி கூட வேலை செய்யறவங்க சொன்னாங்க, அவன் ஆட்டத்துக்கே வரல, முன்வாசல் பக்கம் சுவத்துல மாட்டியிருந்த எதையோ படிச்சுட்டு நின்னான்னு. வாசல் பத்தடியில இருந்திருக்கு. அதை விட்டுட்டு எதுக்குப் பின்னாடி ஓடினான்னு இத்தனை நாளா எனக்குப் புரியல. அங்க என்ன மாட்டியிருந்தீங்க?"

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றினார். "உரிமம்தாங்க. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டணும்னு விதி."

எத்தனை கூடத்தில் 'உரிமத்தை ஏன் மாட்டவில்லை' என்று சத்தம் போட்டிருப்பேன் நான். அதை யாராவது நின்று படிப்பார்கள் என்று ஒருநாளும் எனக்குத் தோன்றவில்லை.

"அதுல என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரியும் இல்ல மேடம்? சொல்லுங்க."

மனப்பாடமாகத் தெரியும். எல்லா உரிமத்திலும் நாலாவது வரி. சொன்னேன். "வெளியேறும் வழிகள்: முன்வாசல் ஒன்று, பின்வாசல் ஒன்று."

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். ஏதோ கணக்கு சரியாகிவிட்ட மாதிரி இருந்தது அவர் முகம், அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"அச்சகத்துல அவனுக்கு என்ன வேலை தெரியுமா மேடம்? பிழை திருத்தறது. இருபது வருஷமா அடுத்தவங்க எழுத்துல தப்பு கண்டுபிடிக்கறதே பொழப்பு. கல்யாணப் பத்திரிகையை நீட்டினாக்கூட முதல்ல தப்பைத்தான் தேடுவான். புகை வந்ததும் மத்தவங்கெல்லாம் வந்த வழியில ஓடியிருக்காங்க. அவன் ஒருத்தன்தான் அதைப் படிச்சிருக்கான். அரசாங்க முத்திரை போட்டிருக்கு, இதுல தப்பு இருக்காதுன்னு நெனச்சிருக்கான்."

உட்கார்ந்துவிட்டார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.