அளவெடுக்காத நாற்காலி

தச்சருக்குப் பட்டறையில் ‘சாமியார்’ என்றுதான் பெயர். எந்தச் சாமானையும் அவர் காகிதத்தில் வரைய மாட்டார். கண்ணை மூடி உட்கார்ந்துவிடுவார். மனசுக்குள்ளேயே மரத்தை அறுத்து, இழைத்து, பூட்டி, பிடிக்கவில்லையென்றால் பிரித்துப்போட்டு மறுபடி பூட்டுவார். “சாமியார் தவத்துல இருக்காரு, ரம்பத்தை நிறுத்துங்கப்பா” என்று ஆட்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அப்படி அவர் செய்த எதுவும் அதுவரை தப்பியதில்லை. அந்தத் தலைக்கனம் ஒன்று போதாதா?

இந்த முறை அக்காவுக்காக உட்கார்ந்தார். அம்மா போனபிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள். இப்போது தனியாக இருக்கிறாள். உட்கார்ந்தால் எழ முடியவில்லை. வெளியூரில் இருக்கும் அவள் மகள் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள்: “மாமா, ஞாயித்துக்கிழமை வரேன். யாரும் பிடிக்காம அம்மா தானா எழுந்துட்டா இங்கேயே இருக்கட்டும். இல்லேன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிடுவேன்.” அக்காவுக்கோ அந்த வீடுதான் உயிர்.

நாலு நாள் சோறு தண்ணி நினைவில்லை அவருக்கு. மனசுக்குள் ஒரு நாற்காலியைப் பூட்டி, அக்காவை அதில் உட்காரவைத்தார். பலகையை முன்பக்கம் துளி சரித்தார், எழுந்தாள், தடுமாறினாள். கைப்பிடியை ஒரு சாண் முன்னால் நீட்டினார். இரண்டு கையையும் அதில் ஊன்றி, அக்கா ஜம்மென்று எழுந்து நின்றாள். அவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து அக்காவே போன் செய்தாள். “ஒரு எட்டு வந்து அளவெடுத்துட்டுப் போயேன்டா. இந்தக் கை வேற...”

“உன்னை எனக்குத் தெரியாதாக்கா? போனை வை, எல்லாம் கலையுது.”

ஞாயிற்றுக்கிழமை நாற்காலி வந்தது. மனசில் பார்த்தது அச்சுப் பிசகாமல் அப்படியே இருந்தது. அக்கா உட்கார்ந்தாள். வலது கையை ஊன்றினாள். இடது கை கைப்பிடிமேல் சும்மா கிடந்தது; விரல் மடங்கவில்லை. இடுப்பு கொஞ்சம் எழும்பித் தொப்பென்று விழுந்தது. மூன்று தடவை முயன்றும் அதே கதைதான்.

அவர் பாய்ந்து அந்தக் கையை எடுத்தார். “இது எப்போலேருந்துக்கா?”

“மூணு மாசமாச்சு. உனக்கு வேலை மும்முரம்.”

மனசுக்குள் அவர் எழுப்பிப் பார்த்தது, அவரை இடுப்பில் வைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிய பழைய அக்காவை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறவளை, பாவி மனுஷன், ஒருநாள் எட்டிப் பார்த்தாரா?

“ரெண்டே நாள் குடும்மா, ஒத்தைக் கைக்கு மாத்திடறேன்” என்று அக்கா மகளிடம் கெஞ்சினார்.

அவள் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். “கை இப்படி ஆனதே உங்களுக்குத் தெரியலையே மாமா. யாரை நம்பி விட்டுட்டுப் போறது?”

பெட்டியை அவரே தூக்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்தார்.

காரில் ஏறியதும் அக்கா அவரைக் கிட்டே கூப்பிட்டாள். “மனசுக்குள்ள நல்லா எழுந்தேனாடா?”

“ஜம்முனு எழுந்தேக்கா.”

“அது போதும் போ” என்று வலது கையால் அவர் கன்னத்தைத் தட்டினாள். கார் கிளம்பிப் போனது. தச்சர் நடுத்தெருவில் நின்று வாய்விட்டு அழுதார்.