தாய்க்கு மூத்த செவலை

மாட்டின் வாயைப் பிளந்து பார்த்த மாட்டுத் தரகர் வெள்ளியங்கிரி, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு சௌந்திரத்தை ஒரு பார்வை பார்த்தார். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் பார்க்கிற பார்வை.

"ஏனம்மிணி, ரெண்டாம் ஈத்துன்னு சொன்னே. இது கெழட்டு மாடல்லோ?"

சௌந்திரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. செவலை பிறந்தது இதே கட்டுத்தரையில்தான். கன்று பாதியில் சிக்கிக்கொண்டு வராமல் கிடந்தபோது காலைப் பிடித்து இழுத்துப் போட்டவளே இவள்தான். அதற்கு இன்னும் ஐந்து வயது முடியவில்லை. அதைப் போய்க் கிழடு என்கிறாரே இந்த மனிதர்.

"பல்லெல்லாம் தேஞ்சு, காவி பூத்து, மொட்டையா நிக்குது. நானென்ன குருடனா?" என்றார் வெள்ளியங்கிரி.

விற்க அவளுக்கு மனமே இல்லை. சித்திரையிலிருந்தே செவலைக்குக் கால் சரியில்லை. படுத்தால் எழுந்திருக்க முக்கும். எழுந்தாலும் கொதிக்கிற தார்ரோட்டில் நிற்பதைப் போல முன்கால்களை மாற்றி மாற்றி வைக்கும். விளக்கெண்ணெய் தேய்த்தாள், ஒத்தடம் கொடுத்தாள், கால்சியம் பாட்டிலாக வாங்கி ஊற்றினாள். எதற்கும் கேட்கவில்லை. சத்தீஸ்கர் பக்கம் ரிக் வண்டியோடு போர்வெல் போட்டுக்கொண்டிருந்த புருஷன் சின்னுசாமி, "வித்துத் தள்ளிவுடு புள்ள" என்று போனில் ஒரே வார்த்தையாக முடித்துவிட்டான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். நொண்டி மாட்டைக் கறிக்குத்தான் கேட்பார்கள். வயது கம்மி என்றால் வளர்க்கிறவர்கள் யாராவது வாங்குவார்கள், செவலை உயிரோடு இருக்கும் என்கிற ஒரே நப்பாசையில்தான் வெள்ளியங்கிரியை வரச் சொல்லியிருந்தாள்.

"இதோட தாயி அந்தா நிக்குதுங்ண்ணா. அதையும் பாருங். அப்பறம் சொல்லுங்" என்றாள் ரோஷமாக.

அவர் கருப்பியின் வாயையும் பிளந்தார். பல்வரிசை பளிச்சென்று இருந்தது. வெள்ளியங்கிரிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"நல்லாருக்குது போ. தாயிக்கு மூத்தவளா மக? எம்பட காலத்துல இப்படியொரு அதிசயத்தை இன்னைக்குத்தான் பாக்கறேன்."

பல் பிடித்து வயது சொல்வதில் மனிதர் கில்லாடி. அவர் சொல்லிவிட்டால் சந்தையில் மறுபேச்சு கிடையாது. அந்தத் திமிரும் அவருக்கு நிறையவே உண்டு. "கறிக்குத்தான் போவும். ரோசன பண்ணிப் போன் போடு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சௌந்திரம் கட்டுத்தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேய்ச்சலில் எங்கேயாவது கன்று மாறிப் போயிருக்குமோ? நெற்றிச் சுட்டி அதேதான், வாலில் இருக்கிற வெள்ளை மயிரும் அதேதான். ஒருவேளை அந்தச் சினை ஊசியில் கோளாறோ? கிழட்டுக் காளையின் ஊசியைப் போட்டால் கன்றும் கிழடாகவே பிறக்குமோ? யோசிக்க யோசிக்க அவளுக்கே தன்மேல் சந்தேகம் வந்தது. பொறுக்க மாட்டாமல் சின்னுசாமிக்குப் போன் போட்டாள்.

"ஏனுங் மாமா, நம்ம செவல கருப்பிக்குப் பொறந்ததுதானுங்?"

"வெயில்ல நின்னியா புள்ள?" என்று கேட்டுவிட்டு அவன் வைத்துவிட்டான்.

மறுநாள் காலையில் அவளுக்கு இருந்த எரிச்சலெல்லாம் மகள் தமிழினிமேல் விழுந்தது. "பல்ல ஒழுங்கா வெளக்குடி. என்ன கண்ணராவி இது" என்று தினமும் போடுகிற சண்டைதான். அன்றைக்கு ஒரு சாத்தும் சேர்த்து வைத்தாள். பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டே பள்ளிக்கூட வேன் ஏறியது.

அவள் கூப்பிட்டதன்பேரில் சாயங்காலம் வெண்ணந்தூரிலிருந்து கால்நடை டாக்டர் தனப்பிரியா வந்தாள். செவலையின் காலையும் விலாவையும் தடவி, எலும்பில் அங்கங்கே முண்டு முண்டாக இருந்த இடங்களை அழுத்திப் பார்த்தாள். இரண்டு மாட்டின் வாயையும் திறந்து பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

"கருப்பி இங்க வந்தப்ப பெரிய மாடுங்களா அக்கா?"

"ஆமாங் மேடம். ஆட்டையாம்பட்டியில எங்கம்மா ஊட்டுல இருந்து ஓட்டியாந்தது. அப்பவே பல்லெல்லாம் மொளச்சுச் சேர்ந்துருச்சுங்."

"இதுங்களுக்கு என்ன தண்ணி காட்டறீங்க?"

"எங்க போர்த் தண்ணிதானுங். எங்கூட்டுக்காரரே போட்டது."

சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமைதான். தமிழினி தொட்டிலில் கிடந்த வருஷம் போட்ட போர் அது. அக்கம்பக்கத்துக் கிணறெல்லாம் காய்ந்தபோது, ஊருக்கெல்லாம் போர் போடுகிறவன் நம் தோட்டத்தில் போட மாட்டேனா என்று பாறையைக் குடைந்துகொண்டே போய்த் தண்ணீர் எடுத்தான் சின்னுசாமி. ஊருக்குள் காவிரித் தண்ணீர்க் குழாய் வந்தபோதுகூட, நமக்கெதற்கு என்று தோட்டத்துக்கு இழுக்கவில்லை.

"அந்த ஆழத்துப் பாறைத் தண்ணிதான் காரணம்னு எனக்குச் சந்தேகம். ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு. அது சாஸ்தியா இருந்தா, பல்லு மொளைக்கற வயசுல பல்லக் கெடுத்துரும். அப்பறம் எலும்புல போய் உக்காந்துக்கும். கருப்பிக்கு இங்க வர்றதுக்கு முன்னாடியே பல்லு மொளச்சு முடிஞ்சுது, அதனால பல்லு தப்பிச்சுது. தண்ணிய டெஸ்ட்டுக்குக் குடுத்துரலாம். அதுவரைக்கும் வேற தண்ணி காட்டுங்க."

"அப்ப செவல கெழடு இல்லீங்ளா?"

"சின்ன மாடுதாங்கக்கா. தண்ணிய மாத்துனா இன்னும் மோசமாகாமப் பாத்துக்கலாம். யாருக்கும் தள்ள வேண்டாம்."

சௌந்திரத்துக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. வெள்ளியங்கிரியைக் கூப்பிட்டு நன்றாக நாலு கேள்வி கேட்டாக வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தாள்.

அப்போது வேனை விட்டு இறங்கிய தமிழினி, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்று தானாகவே ஒரு சொம்பில் மொண்டு கொண்டுவந்தாள். "தேங்க்ஸ் பாப்பா" என்று டாக்டர் சொன்னதும் பிள்ளை சிரித்தது. சிரிக்கும்போதே கையால் வாயைப் பொத்திக்கொண்டது.

சௌந்திரம் போனை இடுப்பில் செருகிக்கொண்டு மகளிடம் வந்தாள்.

"கையை எடு சாமி."

"நல்லாத்தான் வெளக்குனேம்மா. நெசமா."

மாட்டைப் பிடிப்பது போலவே அவள் மகளின் தாடையைப் பிடித்தாள். முன்பல்லில் கோடு கோடாகக் காவி. உனக்கு இப்படி வெள்ளை வெளேரென்று பல், மகளுக்கு ஏன் இப்படி என்று எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள். காலையில் அடித்த கையாலேயே பிள்ளையின் கன்னத்தைத் தடவினாள்.

டாக்டர் குடிக்காமலே சொம்பைத் திண்டின்மேல் வைத்தாள். தமிழினி அதை எடுத்து வாயருகே கொண்டுபோனாள். சௌந்திரம் வெடுக்கென்று பிடுங்கித் தரையில் கொட்டினாள்.

"தாகமா இருக்குதும்மா" என்றாள் பிள்ளை.

சௌந்திரம் சுற்றிலும் பார்த்தாள். குடத்திலும் அண்டாவிலும் தொட்டியிலும் தண்ணீர் தளும்பத் தளும்ப நின்றது. எல்லாம் அந்தப் போர்த் தண்ணீர்தான்.