ரெண்டு தரத்தை விழுங்கிய எண்

1.

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். சண்டை சாப்பாட்டு மேசையில் நடந்தது. எனக்கும் அக்காவுக்கும்.

"பல் டாக்டரைப் பத்தி எழுதிட்ட, பஸ் டிரைவரைப் பத்தி எழுதிட்ட, செருப்புக் கடைக்காரரைக்கூட விடல. கூடப் பொறந்தவ இத்தனை வருஷமா புரோகிராம் எழுதுறேன். என்னைப் பத்தி ஒரு வரி உண்டா?"

"உன் வேலையில என்னக்கா கதை இருக்கு?"

"சி-ங்கிற கம்ப்யூட்டர் மொழியில லாங்னு ஒரு எண்வகை, அது எத்தனை பைட்னு கேளு."

"எத்தனை பைட்?"

"அது எந்த ஆபரேட்டிங் சிஸ்டம்ங்கிறதைப் பொறுத்தது." சொல்லிவிட்டு, கதை முடிந்தது என்பதுபோல் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். மாமா, அதாவது அக்காவின் கணவர், சிரிக்கவில்லை. அந்த லாங்கால்தான் போன வாரம் சந்தை நடுவே அவருடைய மானம் கப்பலேறியிருந்தது. எனக்கு அது தெரியாது. தெரிந்த பிறகு சிரிப்பை விழுங்கிக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

2.

ஆரம்பங்கள்:

"ஆதியில் எண் இருந்தது." [அடித்தாயிற்று. யாரோ மலை உச்சியில் நின்று பேசுவதுபோல் இருக்கிறது.]

"அறுவை சிகிச்சைக்கு முந்தைய வாரம் அவர் தன் குரலை ஒவ்வொரு சொல்லாகக் கழற்றி ஒரு—" [இதை முடிக்கவில்லை. அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஆஸ்பத்திரியில ஆரம்பிச்சா படிக்கிறவங்க அழுவாங்கடா. அழுதுட்டு இருக்கிறவங்களுக்கு பைட் கணக்கு ஏறாது."]

"மாமா பழச் சந்தையில் ஏலம் விடுகிறவர்."

இது இருக்கட்டும். அழகில்லை, ஆனால் பொய்யும் இல்லை.

3.

மாமா பழச் சந்தையில் ஏலம் விடுகிறவர். தொண்டையில் கட்டி வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். எடுப்பதற்கு முன்பே அக்கா அவரை உட்காரவைத்து, தேவைப்படும் சொற்களையெல்லாம் அவர் குரலிலேயே பதிவு செய்தாள். முதலில் ஏலச் சொற்கள்: ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம், உங்களுக்குத்தான் எடுத்துக்கங்க. அடுத்து வீட்டுப் பேச்சு, அதுதான் அதிகம். கடைசியில் விலைகள், நூறிலிருந்து ஆயிரம் வரை, ஐம்பது ஐம்பதாக. ஆயிரத்தோடு போதும் என்றார் மாமா. ஒரு பெட்டி திராட்சையை அதற்கு மேல் கொடுத்து வாங்குகிறவனை டாக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். "ஆயிரம்" என்ற பதிவில் அந்தச் சிரிப்பும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எல்லாம் ஒரே கோப்பு. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் அக்காவே புரோகிராம் எழுதினாள். பட்டனை அழுத்தினால் மாமா பேசுவார். வீட்டுக்கு அது போதும். சந்தைக்குக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா? உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்று வாங்கினார்கள். அதில் வேறு ஆபரேட்டிங் சிஸ்டம். அக்கா அதே புரோகிராமை அதில் ஏற்றினாள். முதல் பட்டனை அழுத்தினாள். "ஒரு தரம்" என்றது, கணீரென்று, மாமாவேதான். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அழுத்திப் பார்க்கவில்லை.

[இந்த இடத்தில் மாமா என்ற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. நோயாளி என்று எழுதியதுமே அவருக்கு ஒரு ஒளிவட்டம் முளைத்துவிடுகிறது. உண்மையில் மாமா டீவி ரிமோட்டை யாருக்கும் தரமாட்டார். பேச வேண்டியதைச் சின்ன வெள்ளைப் பலகையில் எழுதுவார். எழுதும்போது யாராவது குறுக்கே பேசினால், அழித்துவிட்டு முதலிலிருந்து எழுதுவார். கோபம் வந்தால் எழுத்து பெரிதாகும். இந்த வாரம் ஒரு சொல்லே பலகையை நிறைத்துக்கொண்டிருந்தது: "வேண்டாம்."]

சந்தைச் சங்கத் தலைவர் நல்ல மனிதர், ஆனால் கறார். "எனக்கு ஆட்சேபணை இல்லப்பா. ஒரு காலைல ஏலம் விட்டுக் காட்டு. முழுக்க உன் மெஷின்தான் பேசணும். நடுவுல உனக்குப் பதிலா வேற ஒருத்தர் குரல் குடுத்தா, இடம் அவருக்கு." மாமா படுத்திருந்த காலத்தில் ஏலம் விட்டவரைச் சந்தையில் சைரன் என்பார்கள். மாமா திரும்பி வந்தால் சைரன் பழையபடி பெட்டி தூக்கப் போக வேண்டும். அவரை வில்லனாக்க ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். வரவில்லை. அவருக்கும் வீட்டில் நாலு வாய்.

4.

சந்தையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருப்பதால் எழுதுவதில் கஷ்டமில்லை.

திராட்சைப் பெட்டிகள் அடுக்கியாயிற்று. மாமா மேடையேறி "நூறு" பட்டனை அழுத்தினார். சத்தமே இல்லை. ஒலி குறைவு போலிருக்கிறது என்று எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவும் கூட்டினார். மறுபடி அழுத்தினார். ம்ஹூம். அதற்குள் முன்னால் நின்ற ஜூஸ் கடைக்காரி தானே "நூறு" என்று கேட்டுவிட, மாமா தலையாட்டிவிட்டு முதல் பட்டனை அழுத்தினார்.

"ஒரு தரம்."

சந்தை அப்படியே நின்றதாம். ஆறேழு மாதமாகக் கேட்காத குரல். தராசுக்காரர் கையிலிருந்த டீயைக் கீழே வைத்தாராம்.

மாமா இரண்டாவது பட்டனை அழுத்தினார்.

"மூணு தரம். உங்களுக்குத்தான், எடுத்துக்கங்க."

அடிமாட்டு விலைக்குத் திராட்சை போயே போய்விட்டது. திராட்சைக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் "அய்யய்யோ, ரெண்டு எங்கய்யா போச்சு?" என்று தலையில் கைவைத்தார். மாமா பதறி மூன்றாவது பட்டனை அழுத்தினார். சந்தையின் கடைசிக் கடை வரைக்கும் கேட்டது:

"ஏய், என் கண்ணாடி எங்க? அந்த டீவி சத்தத்தக் கொறைங்கடா. எனக்கு ஒண்ணும் இல்ல, நீ தூங்கு."

"உங்க தலைமேலதான் இருக்கு அண்ணே," என்றது கூட்டம். சிரிப்பு ஓய வெகுநேரம் ஆயிற்று. அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் சிலருக்குச் சிரிப்பாக இல்லை என்று தராசுக்காரர் சொன்னார்.

தலைவர் நூறு விலையை ரத்து செய்தார். அடுத்த வாரம் இன்னொரு காலை, அதுதான் கடைசி என்றார். மாமா வீட்டுக்கு வந்து கருவியை அலமாரியில் துணிகளுக்கு அடியில் போட்டுவிட்டுப் பலகையில் அந்த ஒற்றைச் சொல்லை எழுதினார்.

5.

அன்றைக்கே அக்கா கருவியை வெளியே எடுத்து ஒவ்வொரு பட்டனாக அழுத்தினாள். முதல் பட்டனுக்கு முதல் பதிவு. இரண்டாவதற்கு மூன்றாவதில் தொடங்கி அடுத்ததும். மூன்றாவதற்கு ஐந்தாவதில் தொடங்கி அடுத்தடுத்ததும். பாதிக்கு மேல் எல்லாப் பட்டனும் ஊமை. தன் பழைய புரோகிராமைத் திறந்தாள்.

"லாங்," என்றாள். "சனியன், லாங்."

மேசைச் சண்டைக்குப் பிறகு அவள் எனக்கு விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். எல்லோருக்கும் உடம்பு எண்சாண்தான், அவரவர் கையால் அளந்தால். என் சாணால் உங்களுக்குச் சட்டை தைத்தால் என்ன ஆகும்? சி மொழியில் எண்களுக்கான இன்ட், லாங் என்ற பெயர்களெல்லாம் சாண்தான். இவ்வளவாவது இருக்கும் என்பதற்குத்தான் உத்தரவாதம். சரியாக எவ்வளவு என்பது போகிற இடத்தைப் பொறுத்தது. பழைய கம்ப்யூட்டரில் லாங் நாலு பைட். புதிய கருவியில் எட்டு.

கோப்பின் தலையில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு எண் உண்டு: எங்கே ஆரம்பம், எவ்வளவு நீளம். நாலு நாலு பைட்டாக எழுதி வைத்ததைப் புதிய கருவி எட்டு எட்டாக வாரியது. இரண்டு எண் ஒரே வாயில் போயிற்று. ஆகவே ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு பதிவின் கணக்கை விழுங்கியது; நீளமும் தப்பி அடுத்த பதிவுக்குள் ஓடியது. பாதிப் பட்டன்களிலேயே கணக்கு தீர்ந்துவிட்டது.* முதல் பதிவு மட்டும் ஆரம்பத்திலேயே இருந்ததால் தப்பியது. அக்கா அழுத்திப் பார்த்ததும் அதை மட்டும்தான்.

(* இரண்டு எண்ணும் ஒட்டினால் பிரம்மாண்டமான எண் அல்லவா வரவேண்டும் என்று கேட்பவர்களுக்கு: வரும். இன்னொரு வரி அதன் தலையைச் சீவிவிட்டது. "அதையெல்லாம் எழுதாத, ஓடிடுவாங்க," என்றாள் அக்கா. அடைப்புக்குறிக்குள்தானே எழுதுகிறேன்.)

"இத்தனை வருஷ அனுபவம். உனக்குத் தெரியாதாக்கா?"

"தெரியும்டா. நான் வேலைக்குச் சேந்தப்போ இன்ட் ரெண்டே பைட். நாலு வேணும்னா லாங்னு போடணும். கை பழகிடுச்சு. அன்னிக்கு இருந்த அவசரத்துல யோசிக்கவா நேரம் இருந்துச்சு? ஆபரேஷன் தேதி குடுத்துட்டாங்க."

இதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. டீ போட்டுக் கொடுத்தேன்.

அவள் சின்னதாக ஒரு ஹெடர் எழுதினாள். அளவைப் பெயரிலேயே வைத்துவிடும் கோப்பு: முப்பத்திரண்டு பிட் (நாலு பைட்) எண், அறுபத்துநாலு பிட் (எட்டு பைட்) எண். இந்த சிஸ்டமாக இருந்தால் முப்பத்திரண்டுக்கு இன்னதை எடுத்துக்கொள், அந்த சிஸ்டமாக இருந்தால் அதை. கீழே ஒரு காவல் வரி: அளவு தப்பினால் புரோகிராம் கம்பைலே ஆகாது, அதாவது ஓடும் வடிவத்துக்கே வராது. "இப்போ எல்லாம் ரெடிமேடாவே ஒரு ஹெடர் கூட வருது. ஆனா எனக்கு என் கையால எழுதணும்," என்றாள். "தப்பா இருந்தா இங்கயே என்கிட்ட சண்டை போடட்டும். அவர சந்தைல வெச்சு அசிங்கப்படுத்த வேணாம்."

6.

எனக்கும் ஆசை வந்தது. கதைகளுக்கு ஏன் ஒரு ஹெடர் கூடாது? என் மேசையில் எழுதிய சொல் உங்கள் மேசைக்கு வரும்போது அளவு மாறிவிடுகிறது. நான் "அக்கா" என்று எழுதினால், சிறுவயதில் என்னைக் கிள்ளிவிட்டுத் தானே அழும் ஒருத்தி. உங்களுக்கு எட்டு பைட் அக்கா இருக்கலாம். இல்லவே இல்லாமலும் இருக்கலாம். எனவே:

அக்கா: மேலே சொன்னவள்.
மானம்: சந்தையில் ஒரு ஆள் நிற்கத் தேவையான அளவு.
"நீ தூங்கு": கணவன், வலியை மறைத்துக்கொண்டு, மனைவியிடம் சொன்னது. கீழே எந்தக் காவல் வரியும்—

[விட்டுவிட்டேன். சொற்களுக்கு அது ஆகாது. அளவு தப்பினாலும் கதை கம்பைல் ஆகித் தொலைக்கிறது.]

7.

இரண்டாவது காலைக்கு நானும் போனேன். மாமாவைக் கிளப்பியதே பெரும்பாடு. அக்கா அவர் எதிரே உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் வரிசையாக அழுத்திக் காட்டினாள். வீட்டுப் பேச்சு, விலைகள், எல்லாம். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முடிந்ததும் "வேண்டாம்" என்பதை அழித்துவிட்டுச் சட்டையை மாற்றிக்கொண்டார்.

"நூறு," என்றது மாமாவின் குரல்.

"நூத்தம்பது," என்றாள் ஜூஸ் கடைக்காரி. மாமா அழுத்தினார்: "நூத்தம்பதே..." அந்தக் கடைசி இழுப்பில் சந்தைக்கே உயிர் வந்தது. யாரோ இருநூறு என்றார்கள். இன்னொருவர் இருநூற்றைம்பது. முந்நூறு, நானூறு. திராட்சைக்கு அந்த விலை கிடையாது. தோட்டக்காரருக்கே கூச்சமாகிவிட்டது.

"என்னக்கா இது, பைத்தியமா எல்லாருக்கும்?" என்று கேட்டேன்.

"கேக்குறாங்கடா," என்றாள் அக்கா. "வாங்கல. அவர் குரலக் கேக்குறாங்க."

விலை கேட்டால்தான் மாமா அடுத்த எண்ணைச் சொல்வார். அதற்காகவே கேட்டார்கள். அறுநூறு, எண்ணூறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தது. பதிவு செய்யும்போது மாமா எதையும் கடனே என்று சொல்லியிருக்கவில்லை. "ஆயிரம்" வந்தது, சிரிப்போடு. சந்தையும் கூடவே சிரித்தது. மாமா வாய் திறந்து சத்தமில்லாமல் சிரித்தார்.

"ஆயிரத்து அம்பது," என்றாள் ஜூஸ் கடைக்காரி.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். "அது இல்லடா. அத ரெக்கார்ட் பண்ணல."

மாமாவின் கட்டைவிரல் பட்டன்கள்மேல் அலைந்தது. போக இடமில்லை. எந்த எண்வகைக்கும் ஒரு உச்சி உண்டு, அதற்கு மேல் இடம் கிடையாது என்று அக்கா பின்னால் சொன்னாள். மாமாவின் உதடு அசைந்தது. ஆ-யி-ரத்-து-அம்-பது. காற்று மட்டும்தான். முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது.

பெட்டியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் சைரன் நின்றிருந்தார்.

"ஆயிரத்து அம்பதூ," என்றார் சைரன். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

மாமா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு ஒரு தரம் அழுத்தினார். ரெண்டு தரம் அழுத்தினார். மூணு தரம்.

"இந்த விலைக்கு ஜூஸ் போட்டா நானே வாங்கிக் குடிக்க முடியாது," என்றாள் ஜூஸ் கடைக்காரி. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் தலைவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

8.

முடிவுகள்:

(அ) தலைவர் கேட்காததுபோல் இருந்துவிடுகிறார். மாமாவுக்கு இடம். சைரன் பெட்டி தூக்குகிறார், அவர் சொன்ன ஒரு சொல்லை எல்லோரும் பெரிய மனதோடு மறந்துவிட்டதால். [அக்காவுக்குப் பிடித்தது. மாமா இதைப் படித்துவிட்டுப் பலகையில் "பிச்சையா?" என்று எழுதினார். பெரிய எழுத்து.]

(ஆ) பேச்சு பேச்சுதான். சைரனுக்கு இடம். உதவி செய்த வாய்க்கே வேலை. [சைரனிடம் படித்துக் காட்டினேன். அப்புறம் நான் சந்தைக்குள்ள எப்படி நடக்குறது என்று கேட்டார்.]

(இ) இருவரும் சேர்ந்து. ஆயிரம் வரை மாமா, அதற்கு மேல் சைரன். [இதை எழுதியதும் எனக்கே புல்லரித்தது. அக்கா ஒரே வரியில் முடித்தாள்: "சம்பளம் ஒண்ணுதான். ரெண்டு வீட்டுக்குப் பத்தாது."]

உண்மையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லப்போவதில்லை. நடந்தது என்பதற்காகவே அது சரி என்று ஆகிவிடும், எனக்கு அது பிடிக்கவில்லை. தலைவரும் அன்றைக்கு உடனே தீர்ப்புச் சொல்லவில்லை என்பது மட்டும் நிஜம். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கூட்டத்தைப் பார்த்தார்.

"என்னப்பா சொல்றீங்க? வாங்குறவங்க நீங்க. இவரா, அவரா?"

நீங்கள் திராட்சைப் பெட்டிகளுக்கு நடுவே நிற்கிறீர்கள். மாமா கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார். இதற்கென்று அவர் எதையும் பதிவு செய்திருக்கவில்லை. சைரன் இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. இரண்டு பேரும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். தலையாட்டினால் போதாது, தலைவர் ஒத்துக்கொள்ள மாட்டார். வாயைத் திறந்து சொல்லுங்கள்.