முழுநாள் சுற்று

எழுந்து பல் தேய்த்தான். வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு படியிறங்கி வண்டியைக் கழுவினான். முன் கண்ணாடியைப் பழைய பனியனால் துடைத்தான். பின் இருக்கையின் இடுக்கில் முந்தைய நாள் பயணிகள் விட்டுப்போன கடலைத் தோலைப் பொறுக்கி எடுத்தான். கதவுப் பைகளில் தண்ணீர் பாட்டில்களைச் செருகினான். மேலே வந்து குளித்தான். மனைவி வைத்த தட்டைப் பார்க்காமலே, செய்தியில் ஒரு கண்ணும் தட்டில் ஒரு கையுமாகச் சாப்பிட்டு முடித்தான்.

கட்டிலில் வெள்ளைச் சட்டை இஸ்திரி போட்டுக் கிடந்தது.

“நீலம் எங்க?”

“ஊறப் போட்டுட்டேன். இதைப் போடுங்க.”

“இன்னைக்கு யாரோ ஒத்தை லேடி. அதுக்கு எதுக்கு வெள்ளை?”

“ஒத்தை லேடின்னா மனுஷி இல்லியா? போட்டுக்கிட்டுப் போங்க, டிரைவர் சார்.”

போட்டுக்கொண்டான். அவள் புறங்கையால் வாயை மூடிக்கொண்டு கதவோரம் நின்றாள். இருமல் என்று நினைத்தான். சாவியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான்.

அவன் ஓட்டியது ஊர் சுற்றிக் காட்டும் கார். ஓட்டலிலிருந்து விருந்தினரை ஏற்றிக்கொண்டு பழைய கோர்ட், மணிக்கூண்டு, மீன் துறை, தாவரத் தோட்டம், கலங்கரை விளக்கம் எல்லாம் காட்டி, மலை முனையில் நிறுத்தி, ஊர் மொத்தத்தையும் கடலோடு சேர்த்துக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். அதற்கு முழுநாள் சுற்று என்று பெயர். அவன் கல்லூரியில் வரலாறு படித்தவன். படிப்புக்கேற்ற வேலை கிடைக்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். அதனால் ஒவ்வொரு கட்டடத்துக்கும் அவனிடம் ஒரு கதை இருந்தது. சக டிரைவர்கள் அவனைப் புரொபசர் என்று கூப்பிட்டார்கள். ஓட்டலில் இறங்கும்போது பயணிகள் கைகுலுக்கி, நீங்கள் பேசியதுதான் இந்தப் பயணமே என்பார்கள்.

வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு.

“நாள் பூரா கொட்டித் தீர்த்துட்டு வர்றீங்க. எனக்கு அடியில ஒட்டியிருக்கிற வண்டல்கூடக் கிடையாதா?” என்று அவள் கேட்டிருக்கிறாள்.

ஒருநாள் என்னையும் கூட்டிப்போய்க் காட்டுங்கள் என்றும் கல்யாணமான புதிதிலிருந்தே கேட்டிருக்கிறாள். “லீவு நாள்லயும் அதே கோர்ட்டா? மிட்டாய்க் கடைக்காரன் வீட்டுக்கு வந்து மிட்டாய் தின்பானா?” என்று அவன் சொல்லியிருக்கிறான். நன்றாகச் சொன்னதாக நினைத்திருக்கிறான்.

கம்பெனி ஷெட்டுக்குப் பின்னால் டீ குடிக்கிற இடத்தில் நிதானம் நின்றிருந்தார். நாற்பதைத் தாண்டி ஓட்டமாட்டார், அதனால் அந்தப் பெயர். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

“அண்ணே, உங்களுக்கு என்ன டூட்டி?”

“ஏர்போர்ட். ஒரு குடும்பம் வருது, ஓட்டல்ல கொண்டுபோய் விடணும். அவ்ளோதான்.”

“மாத்திக்கலாமா? எனக்கு முழுநாள் சுத்து. தனியா ஒரு லேடி. இந்த மாதிரி ஆளுங்கதான் கேள்வி கேட்டே உயிரை எடுப்பாங்க. இது என்ன மரம், அது யாரு செலைன்னு.”

“நீ புரொபசரு, சொல்லுவே. எனக்கு வாயே வராதேய்யா. சாயங்காலம் கம்ப்ளெயின்ட் வந்தா?”

“வராதுண்ணே. எனக்குத் தொண்டை கட்டியிருக்கு.”

தொண்டை ஒன்றும் கட்டியிருக்கவில்லை. ஏர்போர்ட் டூட்டி என்றால் காத்திருக்கும் நேரத்தில் தூங்கலாம். டிரைவர்கள் இப்படி வாய்வார்த்தையில் மாற்றிக்கொள்வது வழக்கம்தான். ஆபீசுக்கு மாலையில் சொன்னால் போதும். எவர் எவரை ஏற்றினால் என்ன, வண்டி ஓடினால் சரி.

விமானம் பல மணி நேரம் தாமதம். வாகன நிறுத்தத்தில் ஒரு வாதுமை மர நிழல் கிடைத்தது. சட்டை கசங்கக் கூடாதென்று கழற்றி ஹாங்கரில் மாட்டினான். ஷூவைக் கழற்றினான். இருக்கையைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடினான். நல்ல தூக்கம். போன் அடித்துத்தான் விழித்தான். ஆபீசில் புக்கிங் பார்க்கும் அக்கா.

“எங்கே இருக்கே நீ?”

“ஏர்போர்ட்டுலக்கா.”

“ஏர்போர்ட்டுலயா?”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். பிறகு அக்கா அழுகிற சத்தம் கேட்டது.

அவள் தலைக்குள் ரத்தக் குழாய் வெடித்திருக்கிறது என்றார் டாக்டர். முன்கூட்டித் தெரிந்திருக்க வழியில்லை, யாரையும் குறை சொல்ல முடியாது என்றார். அவன் தலையாட்டினான். தலையாட்டத்தான் தெரிந்தது அவனுக்கு.

வீட்டில் வாடகை நாற்காலிகளைப் போட்டார்கள். நாற்காலிகளில் உட்கார்ந்தவர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டார்கள். புக்கிங் அக்கா வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கைச் சிந்திவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“ஒரு வாரமா போன் பண்ணிச்சுப்பா. ‘அக்கா, ஊருக்கெல்லாம் பேசறாரு, எனக்கும் ஒருநாள் புக் பண்ணிக் குடுங்க. வேற பேர்ல போடுங்க, அவருக்குத் தெரியக் கூடாது. ஓட்டல் வாசல்ல கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நிப்பேன், மொகம் எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்’னு. நானும் சிரிச்சுக்கிட்டே எழுதிப் போட்டேன். உன் பேருக்குத்தானேய்யா போட்டேன். நீ மாத்திக்கிட்டதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தா.”

மேற்கொண்டு சொல்லாமல் எழுந்து உள்ளே போனாள்.

உள்ளே மாமியார் படுத்திருந்தார். எழுப்பித் தண்ணீர் குடிக்க வைக்க யாராலும் முடியவில்லை. நிதானம் வாசலிலேயே நின்றவர், கடைசியில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அவர் அருகில் குந்தினார்.

“அம்மா, நான்தான் கூட இருந்தேன். கஷ்டப்படலைம்மா. கடைசியா மாப்பிள்ளை பேரைத்தான் சொல்லிச்சு.”

மாமியார் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். அதன் பிறகு வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னார். “என் மாப்பிள்ளை பேரைச் சொல்லிக்கிட்டே போச்சு எம்பொண்ணு.” வந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் நாற்காலியின் கைப்பிடியைப் பார்த்தான்.

அவள் ஒருநாளும் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஏங்க என்பாள். கேலி செய்தால் டிரைவர் சார். கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். நிதானம் பொய் சொல்கிறார் என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. அப்படியானால் அவள் உண்மையில் என்ன சொன்னாள்? ஓட்டல் வாசலில் வேறு வண்டி வந்து நின்றபோது என்ன நினைத்தாள்? அவன்தான் அவளை இன்னொருவர் தலையில் கட்டினான் என்று தெரிந்துகொண்டுதான் போனாளா? எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பி, நாற்காலிகளையும் எடுத்துப் போன பிறகும் அந்தக் கேள்விகள் மட்டும் கிளம்பவில்லை.

ஒரு காலையில் ஷெட்டுக்குப் போனான். நிதானத்தின் வண்டிப் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

“முன்னாடி வாய்யா.”

“இல்லண்ணே. அவ எங்க உக்காந்தா?”

“இடது பக்கம்.”

இடது பக்கம் நகர்ந்துகொண்டான். “அன்னைக்குப் போன மாதிரியே போங்க. எதையும் விட்றாதீங்க.”

நிதானம் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவர், சாவியைத் திருப்பினார்.

ஓட்டல் வாசலில் வண்டியை மெதுவாக்கினார். “இங்கதான் நின்னுச்சு. கூலிங் கிளாஸ், தலையில முக்காடு. எனக்கு அடையாளமே தெரியல. நான் பெயர் அட்டையைத் தூக்கிப் பிடிச்சேன். கிட்ட வந்து கண்ணாடியைக் கழட்டிட்டு, ‘அவரு எங்கண்ணே’ன்னு கேட்டுச்சு.”

“நான் மாத்திக்கிட்டேன்னு சொன்னீங்களா?”

“எப்படிய்யா சொல்வேன்? ஆபீஸ்ல மாத்திட்டாங்கன்னேன்.”

“நம்பினாளா?”

நிதானம் கியரை மாற்றினார். சிறிது தூரம் போனபிறகு, “வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரான்னு கேட்டுச்சு. ஆமான்னேன். ‘சரி, வாங்க போகலாம், காசு கட்டியாச்சு’ன்னுட்டு ஏறிடுச்சு. வீட்டுல விடறேன்னேன். கேக்கல” என்றார்.

மழை வந்து போயிருந்தது. சாலையிலிருந்து ஆவி எழுந்தது. கோர்ட்டின் சிவப்புச் சுவர் ஈரத்தில் கறுத்திருந்தது.

“இது கோர்ட்டுன்னு சொன்னேன். அப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியல. ‘உள்ளே கேஸ் நடக்கும்’னேன்.”

அவன் கோர்ட் சுவரைத் திரும்பிப் பார்த்தான்.

“சிரிச்சுது. மணிக்கூண்டு வந்ததும், ‘இதுல மணி பார்க்கலாம்’னேன். அதுவும் ஓடலை அன்னைக்கு. வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. ‘அண்ணே, நீங்க பேசறது எனக்குப் புரியுது. அவரு பேசினா நோட்ஸ் எடுக்கணுமோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்’னுச்சு.”

பின் இருக்கையிலிருந்து மணிக்கூண்டு வளைவு திரும்பிய பிறகுதான் தெரிந்தது. அவன் எப்போதும் வளைவுக்கு முன்பே கதையைத் தொடங்கிவிடுவான். பின்னால் இருப்பவர்கள் இத்தனை நாளும் தென்படாத ஒன்றுக்குத்தான் தலையாட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதை ஒருவரும் சொன்னதில்லை.

மீன் துறையில் அவள் இறங்கவில்லையாம், நாற்றம் தாங்காமல். தாவரத் தோட்டத்தில் இறங்கி நடந்தாளாம். விழுது விட்டுப் படர்ந்த ஒரு மரத்தைக் காட்டி என்ன மரம் என்று கேட்டாளாம்.

“எனக்குத் தெரியல. தோட்டக்காரனைப் போய்க் கேட்டுட்டு வந்தேன். அவனுக்கும் தெரியல. ‘விடுங்க, வீட்டுல ஒரு ஆளு இருக்கு, கேட்டுக்கறேன்’னுச்சு.”

அவனுக்கு அந்த மரம் தெரியும். எந்தத் தீவிலிருந்து, எந்தக் கப்பலில், யார் கொண்டுவந்து நட்டார் என்பது வரை தெரியும். பயணிகளுக்கு அதைச் சொல்லும்போது கடைசி வரிக்கு முன்னால் கொஞ்சம் நிறுத்துவான்.

கலங்கரை விளக்கம் வந்தது. “உங்கள் இடதுபுறம்” என்று அவன் வாய் தானாகத் தொடங்கியது. நிதானத்தின் பிடரியில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது. அவன் நிறுத்திக்கொண்டான்.

“சொல்லுய்யா. நான் கேக்கறேன்.”

“இல்லண்ணே.”

மலைச் சாலை வளைந்து வளைந்து ஏறியது. நிதானம் எப்போதையும்விட மெதுவாக ஓட்டினார். பின்னால் வந்த வண்டிகள் ஹாரன் அடித்துவிட்டு முந்தின. “ஏறும்போதே தலை கனக்குதுன்னு சொல்லிச்சு. வெயில்தான்னு நெனச்சேன். எறங்கும்போது நான் எங்கயும் நிக்கலைய்யா. சிக்னல்லகூட நிக்கல. அதுக்குள்ள நினைவு தப்பிடுச்சு. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். பேச்சே இல்ல.”

“தெரியும்ணே.”

மலை முனையில் எல்லா வண்டிகளும் நிற்கிற தடுப்புச் சுவரோரம் நிற்காமல், சற்றுத் தள்ளி, ஒரு புன்னை மரத்தடியில் கொண்டுபோய் நிறுத்தினார். இன்ஜினை அணைத்தார்.

“இங்கதான். எறங்கிப் பார்க்கலை. கொஞ்சம் இருங்கண்ணே, தலைவலி விடட்டும், அப்புறம் பார்க்கறேன்னுச்சு.”

இடது கண்ணாடி வழியாகப் பார்த்தான். தடுப்புச் சுவரும் அதன்மேல் கொஞ்சம் வானமும்தான் தெரிந்தது. ஊர் தெரியவில்லை. கடல் தெரியவில்லை. அதற்கு இறங்கி நாலு எட்டு வைக்க வேண்டும். சுவரோரம் ஒரு குடும்பம் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்களுடைய டிரைவர் போனை வாங்கி, பின்னால் போங்க, இன்னும் பின்னால் போங்க என்று கையசைத்தான்.

“அத்தைகிட்ட சொன்னது பொய்தானேண்ணே?”

நிதானம் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

“என் பேரை அவ சொல்லமாட்டா.”

“பெத்தவளுக்கு ஏதாவது சொல்லணும்ல.”

“நான் பெத்தவன் இல்லண்ணே. எனக்குச் சொல்லுங்க.”

நிதானம் துண்டால் முகத்தைத் துடைத்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

“தண்ணி குடிச்சுது. கண்ணாடியை எறக்கச் சொல்லிச்சு. சீட்டுல தலையைச் சாய்ச்சுக்கிச்சு. எனக்கு மனசு கேக்கல. அவருக்கு ஒரு போன் போட்டுடறேம்மான்னு போனைக் கையில எடுத்தேன்.”

“அப்புறம்?”

“‘வேண்டாம்ணே’ன்னுச்சு.”

“ஏன்?”

“‘வண்டி ஓட்டிக்கிட்டு இருப்பாரு’ன்னுச்சு.”