வியாழக்கிழமை ஊசி

அடுத்த சந்தில் தொண்டை அடைப்பான் நோய் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வாரம்கூட ஆகவில்லை. அப்படியும் பாருல் தகரக் கதவை ஒரு சாண்தான் திறந்தாள். வெள்ளிக்கிழமை, தையல் ஆலைக்கு விடுமுறை. அதனால்தான் ஆளாவது அகப்பட்டாள். வாசலில் தடுப்பூசி போடும் மொர்ஜினா நின்றிருந்தாள்.

"பெரியவனுக்குப் போட்டப்போ காய்ச்சல்ல கொதிச்சான்க்கா. ஒரு நாள் லீவு எடுத்தேன். மறுநாள் என் மிஷின்ல வேற ஒருத்தி உக்காந்திருந்தா. இந்தச் சின்னது துலிக்குக் காய்ச்சல் வந்தா எனக்குப் பதிலா நீங்க போய்ச் சட்டை தைப்பீங்களா?"

வதந்திக்கும் பயத்துக்கும் பதில் சொல்லிப் பழகிய மொர்ஜினா அடுத்த வீட்டுக்கு நடந்தாள். அன்று வீட்டில் மீனுக்குச் செதிள் சுரண்டும்போதும் அதே கேள்விதான். டாக்காவின் இந்த ஏரியோரக் குடிசைப் பெண்கள் ஊசிக்கு அஞ்சவில்லை, மறுநாளுக்குத்தான் அஞ்சினார்கள். வியாழன் மாலை போட்டால்? காய்ச்சல் வெள்ளியோடு போய்விடும்.

மாலைக்குள் ஊசிமருந்துப் பனிப்பெட்டி திரும்பிவிட வேண்டும், அதுதான் விதி என்றார் சுகாதார அலுவலர். மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போய், அவர் வீட்டுக்குக் கிளம்பும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், ஒரே ஒரு வியாழன் பார்க்கலாம், கூட்டம் வராவிட்டால் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று இறங்கி வந்தார்.

வியாழன் மாலை தேநீர்க் கடை விளக்கடியில் பெட்டியை வைத்துக் காத்திருந்தாள். ஆலை விட்டதும் பெண்கள் திபுதிபுவென்று வந்தார்கள். பார்த்தும் பாராமல் கடந்தார்கள். பாருலின் எதிர்வீட்டுக் கொகினூர் முகத்தையே திருப்பிக்கொண்டாள். வெகுநேரம் கழித்துத் துலியை இடுக்கிக்கொண்டு பாருல் வந்தாள்.

"சனிக்கிழமையும் உடம்பு சுட்டுச்சுன்னா?"

"நான் வந்து உக்கார்றேன். நீ வேலைக்குப் போ."

பாருல் அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு பிள்ளையின் தொடையிலிருந்து துணியை விலக்கினாள். அவளைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். அவ்வளவுதான்.

சனிக்கிழமையும் சுட்டது. அலுவலகத்துக்கு மதியம்தான் வருவேன் என்று சொல்லியனுப்பிவிட்டு மொர்ஜினா வந்து உட்கார்ந்தாள். பாருல் செருப்பை மாட்டிக்கொண்டு ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்; பிறகு ஓட்டமும் நடையுமாகப் போனாள். மொர்ஜினா மருந்தைக் கொடுத்துவிட்டு, ஈரத்துணியால் குழந்தையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சந்துக்காரிகள் ஒவ்வொருத்தியாக எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள்.

எதிரே தன் வீட்டிலிருந்து வந்த கொகினூர் மட்டும், தன் கைக்குழந்தையோடு வாசலிலேயே நின்றாள். கிண்ணத்துத் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டிருந்தது, மொர்ஜினா அதை நீட்டினாள். கொகினூர் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் கிண்ணத்தை வாங்கி, புதுத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்கு நடந்தாள்.