விசாரிக்க வந்தவர்கள்

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டால் போதும், கமலநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார். ஆரஞ்சுப் பையோ மைலோ டின்னோ கையில் தூக்கிக்கொண்டு யாராவது உள்ளே நுழைவார்கள். நுழைந்தவர்கள் உட்கார்ந்து, என்னண்ணே இப்படி ஆகிவிட்டதே என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டியதுதான். அவர் அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிடுவார்.

"குமுதா, இங்க வா. எப்படி நடந்துச்சுன்னு நீயே சொல்லு."

குமுதா ஈரக் கையைத் துடைத்தபடி வருவாள். நாற்காலியின் நுனியில் உட்காருவாள். மறுபடியும் முதலிலிருந்து சொல்லுவாள்.

அவள் பள்ளி வேன் ஓட்டுகிறவள். கிள்ளானில் அவர்கள் இருக்கும் தாமான் குடியிருப்பில் பாதிப் பிள்ளைகள் அவள் வேனில்தான் தமிழ்ப்பள்ளிக்குப் போய் வந்தார்கள். ஒரு நாள் மதியம் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டுத் திரும்பும்போது, சிவப்பு விளக்கில் வேன் நின்றது. மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் பக்கத்துக் கண்ணாடியை உடைத்து இருக்கையில் கிடந்த கைப்பையை இழுத்தார்கள். பையின் வார் அவள் கையில் சிக்கிக்கொண்டது. அவர்கள் விடவில்லை. உடைந்த கண்ணாடி கையை முழங்கை வரை கிழித்துவிட்டது.

நடந்தது இவ்வளவுதான். ஆனால் கமலநாதன் வாயில் விழுந்த கதை இவ்வளவோடு நிற்குமா? குமுதா எங்கே தடுமாறுகிறாளோ அங்கே அவர் எடுத்துக் கொடுப்பார். முதல் வாரத்தில் வெறுங்கையோடு வந்த திருடர்கள் இரண்டாம் வாரத்தில் கத்தியோடு வந்தார்கள். பிறகு அது பாராங் வெட்டுக்கத்தி ஆயிற்று. ஆள் வர வர பாராங்கும் நீளமாகிக்கொண்டே போனது.

கேட்க வந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. பையை ஏன் இருக்கையில் வைத்தாய், சட்டென்று வண்டியைக் கிளப்பியிருக்கலாமே, எண் பலகையைப் பார்த்தாயா என்று ஆளுக்கு ஒன்று கேட்டுவிட்டுப் பலகாரத்தைச் சாப்பிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு குமுதா கழுவிய பாத்திரங்களையே எடுத்து மறுபடியும் கழுவுவாள். தெருவில் மோட்டார் சத்தம் கேட்டால் அவளுக்குத் தூக்கிவாரிப் போடும். கையில் போட்ட தையலும் பிரித்தாயிற்று, காயமும் ஆறிவிட்டது. வேன் மட்டும் முன்வாசலில் தூசி படிந்து நின்றது.

கமலநாதன் கெட்டவரில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர், மனைவி மேல் உயிரையே வைத்திருந்தார். கோயிலுக்குக் கூட்டிப் போய்க் கயிறு கட்டிவிட்டார். வாய்விட்டுச் சொன்னால் மனப்பாரம் குறையும் என்று எங்கேயோ கேட்டிருந்தார், அதை அப்படியே நம்பினார். நாலு பேர் வாய் பிளந்து கேட்பது அவருக்குக் கொஞ்சம் பிடித்துப் போயிருந்தது என்பதும் உண்மைதான்.

இதற்கிடையில் பள்ளி விடுமுறை வந்துவிட்டது. அதுவரை குமுதா வேன் பிள்ளைகளையும் சேர்த்துத் தன் வேனில் ஏற்றிப்போன ரமணி, இனி தன்னால் முடியாது என்று சொல்லிவிட்டாள். பள்ளி திறக்கும் நாளில் குமுதா வராவிட்டால் வேறு வேனில் சேர்த்துவிடுவதாகப் பெற்றோர்களும் சொன்னார்கள். அந்தப் பிள்ளைகளின் கூச்சல் இல்லாமல் அவளுக்குக் காலை விடிந்ததே இல்லை. இப்போது விட்டால் இனி ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

இரத்த அழுத்தம் பார்க்கப் போன இடத்தில் டாக்டர்தான் பிரிக்பீல்ட்சில் ஜானிஸ் என்ற பெண் நடத்தும் மனநல ஆதரவுக் குழுவைப் பற்றிச் சொன்னார். சனிக்கிழமை இருவரும் கிள்ளானில் கொமூட்டர் ரயில் ஏறிப் போனார்கள். கடை வீட்டின் மாடியில் ஒரு சின்னக் கூடம். தலையில் தூடோங் முக்காடு அணிந்த மலாய்க்கார அம்மா ஒருவர், சீனப் பெண் ஒருத்தி, மடியில் குழந்தையோடு மியன்மார்ப் பெண் ஒருத்தி. யார் எதற்காக வந்திருக்கிறார்கள் என்று கமலநாதனுக்குத் தெரியவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

உட்கார்ந்ததும் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதாவது மிஸ், அன்னைக்கு மத்தியானம்..." என்று ஆரம்பித்தார்.

ஜானிஸ் சிரித்துக்கொண்டே கையை லேசாக உயர்த்தினாள். "அங்கிள், இங்க யாரும் கதை சொல்லியே ஆகணும்னு இல்ல லா. ஆன்டிக்கு எப்ப சொல்லத் தோணுதோ, அப்ப சொல்லட்டும். சொல்லாமலே போனாலும் ஓகேதான்." பிறகு குமுதாவைப் பார்த்து, "ஆன்டி, கதவு திறந்து இருக்கட்டுமா, சாத்தட்டுமா?" என்று கேட்டாள்.

குமுதா கதவைப் பார்த்தாள், ஜானிஸைப் பார்த்தாள். அந்த மதியத்துக்குப் பிறகு எத்தனையோ பேர் எத்தனையோ கேட்டுவிட்டார்கள். உனக்கு எது வசதி என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. திறந்தே இருக்கட்டும் என்றாள். கதவைப் பார்த்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்துகொண்டாள்.

கமலநாதன் எழுந்து போய் வெளியே பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே காலைத் தரையில் ஊன்றி மெதுவாக மூச்சு விடப் பழகினார்கள். மலாயிலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பேச்சு கலந்து வந்தது. கடைசியில் அந்த மலாய்க்கார அம்மா ஏதோ சொல்ல, குமுதா சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

திரும்பும் ரயிலில் அவருக்கு மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரம் வந்தும் என்ன நடந்தது என்றுகூடக் கேட்கவில்லையே, இது என்ன கவுன்சலிங் என்று புலம்பிக்கொண்டே வந்தார். ரயில் ஷா ஆலம் தாண்டியதும் குமுதா அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒன்னு சொல்லட்டுமாங்க?" என்றாள். "ஆளுங்க வர்றப்பல்லாம் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்றீங்க. சொல்லி முடிச்சதும் நீங்க தேத்தண்ணி குடிச்சிட்டு எந்திரிச்சிடுறீங்க. நான் அந்த டிராபிக் லைட்லயேதான் நிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண்ணாடி புதுசா உடையுது."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் ஏதாவது பதில் சொல்லியிருப்பார். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்குக் கட்டிய மனைவிக்கு வந்தும் தெரியவில்லை. ஆறுதல் என்று நினைத்துத் தானே அவளை மறுபடியும் மறுபடியும் அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறோம் என்பது கமலநாதனுக்கு இப்போது விளங்கியது. மன்னிப்புக் கேட்கத் தெரியாத மனிதர், அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டார். கிள்ளான் வரும்வரை விடவில்லை.

அதன் பிறகு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கிடைத்தது, கதை கிடைக்கவில்லை. குமுதா சனிக்கிழமை தவறாமல் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தாள். ஒரு மாலை தானாகவே வேனில் ஏறிச் சும்மா உட்கார்ந்திருந்தாள். இன்னொரு மாலை இயந்திரத்தை ஓடவிட்டாள். வீட்டுத் தெருவைச் சுற்றி வந்தாள். அந்த விளக்கு இருக்கும் பெரிய சாலைப் பக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.

பள்ளி திறப்பதற்கு முதல் நாள், பந்திங்கிலிருந்து கமலநாதனின் அக்காள் புஷ்பவல்லி வந்து இறங்கினாள். வாழைத்தார், மரவள்ளிக்கிழங்கு, கோபம் மூன்றும் கூடவே வந்தன. மூட்டுவலியால் இவ்வளவு நாள் வர முடியவில்லை, ஊரெல்லாம் கேட்ட கதையைக் கூடப்பிறந்தவள் இன்னும் கேட்கவில்லையே என்ற ஆதங்கம் அவளுக்கு. உட்கார்ந்ததும் குமுதாவை எதிரே உட்காரச் சொல்லி, ஒன்று விடாமல் சொல்லும்படி கேட்டாள்.

குமுதாவின் முகம் வெளுத்தது. கமலநாதன் எழுந்து நின்றார்.

"அக்கா, அத மட்டும் கேக்காத."

தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். அவள் பேச்சுக்கு அவர் மறுபேச்சுப் பேசியதே இல்லை. நான் என்ன மூன்றாம் மனுஷியா என்று கேட்கும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தானும் அதே தப்பைத்தான் செய்ததாகச் சொன்னார். ரயிலில் குமுதா சொன்னதையும் சொன்னார்.

"கேக்கணும்னா, அவளுக்கு என்ன வேணும்னு கேளுக்கா."

புஷ்பவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு குமுதா பக்கம் திரும்பினாள். "உனக்கு என்னம்மா வேணும்?"

"நாளைக்குக் காலையில வேன் எடுக்கலாம்னு இருக்கேன் அண்ணி. பக்கத்து சீட்ல உக்காந்து வர்றீங்களா? ஒன்னும் சொல்ல வேணாம். சும்மா இருந்தா போதும்."

பேசாமல் இருப்பது புஷ்பவல்லிக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று பந்திங் பாசாரில் கடை போட்டிருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இருந்தாலும் மறுநாள் இருட்டு விலகும் முன்பே முன்னிருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கமலநாதன் பின்னால் பிள்ளைகளின் பைகளுக்கு நடுவே முழங்காலை மடக்கிக்கொண்டார். அந்த இடம் வந்தது. விளக்கும் வேண்டுமென்றே சிவப்பாயிற்று. பக்கத்தில் ஒரு மோட்டார் வந்து உரசுவது போல நின்றது. குமுதாவின் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகின. பழகியபடி மூச்சை மெதுவாக இழுத்து விட்டாள். புஷ்பவல்லி உதட்டைக் கடித்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி இருந்தாள். பின்னால் பிள்ளைகள் ரொட்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விளக்கு பச்சையானது. வேன் நகர்ந்தது. கமலநாதன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியாக ஏற்ற வேண்டியது அந்தச் சாலைக்கு அப்பால் இருக்கும் தாமரை என்ற இளம் தாயின் மகளை. சிறுமி இன்னும் காலணி மாட்டிக்கொண்டிருந்தாள். தாமரை வேனுக்கு ஓடி வந்து, உடைந்த கண்ணாடியை மாற்றியிருந்த ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "ஆன்டி, அன்னைக்கு என்னதான் நடந்துச்சு?" என்று ஆசையோடு கேட்டாள்.

கமலநாதன் வாயைத் திறப்பதற்குள் அக்காள் முந்திக்கொண்டாள். நேற்றுத்தான் திருந்தியவளுக்கு வேகம் அதிகம்.

"அடிபட்டவங்ககிட்ட அடி எப்படிப் பட்டுச்சுன்னு கேட்டா, மறுபடியும் அடிச்ச மாதிரிம்மா. அவங்களுக்கா சொல்லத் தோணுனா சொல்வாங்க, அப்ப உக்காந்து கேளு. அதுவரைக்கும் உங்களுக்கு என்ன வேணும்னு மட்டும் கேளு. அதுதான் விசாரிக்கிறது."

தாமரைக்கு முகம் சிவந்தது. தலையை வெளியே எடுத்துக்கொண்டு, தயங்கித் தயங்கி, "உங்களுக்கு ஏதாவது வேணுமா ஆன்டி?" என்றாள்.

"வேணும்," என்றாள் குமுதா. "நாளையிலிருந்து உன் மகள ஆறரைக்கே வாசல்ல நிறுத்தி வை. இனிமே தினமும் நான்தான் வருவேன், லேட்டாக்க மாட்டேன்."