பழைய டேங்க்கின் கசடு

எனக்கு வாய் நீளம். என் மாமியாரே என்னிடம் ஒன்று கேட்பதற்கு முன்னால் இரண்டு தடவை யோசிப்பார். அந்த வாயால் நான் செய்த காரியத்தை நானேதான் சொல்ல வேண்டும். வேறு யார் சொன்னாலும் கொஞ்சம் இரக்கம் காட்டிவிடுவார்கள்.

ஓட்டல்களில் பொரித்துப் பொரித்துக் கறுத்துப்போன எண்ணெயை வாங்கி பயோடீசல் செய்கிற சின்னப் பட்டறை என்னுடையது. எண்ணெயை வடிகட்டிச் சூடாக்கி, மெத்தனாலில் காஸ்டிக் சோடாவைக் கரைத்து ஊற்றிக் கலக்க வேண்டும். எட்டு மணி நேரம் அசைக்காமல் விட்டால் கிளிசரின் அடியில் தங்கிவிடும். மேலே தேன் நிறத்தில் நிற்பதுதான் சரக்கு. அதைத் தண்ணீரில் அலசி, ஈரம் போகக் காய்ச்சி எடுத்தால் டீசல் வண்டிக்கு ஊற்றலாம். புகை குறையும். சாக்கடையை அடைத்திருக்க வேண்டிய எண்ணெய், இல்லையென்றால் மறுபடியும் சட்டிக்கே போய் யார் வயிற்றையோ கெடுத்திருக்க வேண்டிய எண்ணெய், பஸ்ஸை ஓட்டும். இந்தப் பேச்சை எடுத்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது.

என் கொழுந்தன், அதாவது கணவரின் தம்பி, பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறார். அவர்தான் என்னைப் பள்ளி முதல்வரிடம் கூட்டிக்கொண்டு போனார்.

"எங்க அண்ணி செய்யறது சார். பின் சீட்டுப் பிள்ளைங்க புகையில இருமிக்கிட்டே வருதுங்க. இத ஊத்திப் பாருங்க," என்றார். அண்ணி என்று சொல்லும்போது அவருக்கு அவ்வளவு பெருமை.

முதல்வர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "வண்டியில ஏதாவது மாத்தணுமாம்மா?"

"ஒரு ஆணிகூட மாத்த வேண்டாம் சார்."

பச்சைப் பொய். பயோடீசல் பழைய டேங்க்கைக் கழுவிவிடும். வருடக்கணக்காக டீசல் விட்டுப்போன கசடு முழுக்கக் கிளம்பி வந்து ஃபில்டரை அடைக்கும். முதல் நூறு லிட்டர் ஓடியதும் ஃபில்டரை மாற்றியே ஆக வேண்டும். என் நோட்டில் நானே சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன். அதைச் சொன்னால் மனிதர் பின்வாங்கிவிடுவாரோ என்று பயம். முதலில் கொழுந்தன் ஓட்டும் பஸ்ஸுக்கு மட்டும் என்று டிரம்களை இறக்கச் சொல்லியிருந்தார். அந்த ஒரு பஸ் நன்றாக ஓடினால் மற்ற பதினோரு பஸ்ஸும் என்னிடம் வரும். நாலு நாள் கழித்து ஏதாவது சாக்குச் சொல்லி நானே மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வாரம் வந்த வேலையில் சுத்தமாக மறந்துபோனேன்.

ஏழாம் நாள் காலை, பள்ளி வாசலுக்கு நேராக, பிள்ளைகளோடு பஸ் நடுரோட்டில் நின்றுவிட்டது. தகவல் வந்து நான் ஓடியபோது வாசலில் பெற்றோர் கூட்டம். முதல்வர் என்னைத்தான் பார்த்தார். ஃபில்டர் ஞாபகம் வந்தது. ஐயோ, அப்போதாவது வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கலாம்.

"என் எண்ணெய்ல ஒரு குறையும் கிடையாது," என்று கத்தினேன். கொழுந்தன் பக்கம் திரும்பினேன். "நீ என்னத்தக் கலந்த? நல்ல சரக்க வெளிய வித்துட்டு மண்ணெண்ணெய ஊத்துனியா?"

பத்து வருடமாக 'வாங்க தம்பி' என்றே கூப்பிட்டவள், அன்று 'நீ' போட்டுப் பேசினேன். அவர் "அண்ணி" என்றார். உடனே பஸ்ஸுக்கு அடியில் போய் ஏதோ செய்தார், வண்டி கிளம்பிவிட்டது. என்ன கோளாறு என்று முதல்வர் கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லை. அதுவே அவர் மேல் குற்றமாகிவிட்டது. மதியத்துக்குள் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

"அவன் அப்படிச் செய்யறவனா?" என்று என் கணவர் ஒரே ஒரு தடவை கேட்டார். கையிலிருந்த பாத்திரத்தை டமாலென்று வைத்தேன். அதற்குப் பிறகு மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் கொழுந்தன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க என்று பெருமையாகச் சொல்ல மாட்டேன். கோபத்தில் பேசிவிட்டேன் என்று மழுப்பிவிட்டு வரத்தான் போனேன். அவர் வேலை தேடி வெளியே போயிருந்தார். அவர் மனைவி, என் ஓரகத்தி, முகம் சுளிக்காமல் தண்ணீர் கொடுத்தாள். பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து, செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை இழுத்து என் முன்னால் பிரித்தாள். பஸ் ஃபில்டர். தாரில் முக்கி எடுத்தது மாதிரி இருந்தது.

"அன்னைக்கே வண்டியில வச்சிருந்த புதுசப் போட்டுட்டு இத எடுத்துட்டு வந்துட்டாருக்கா. மெக்கானிக் கண்ணுல பட்டா உங்க எண்ணெய்னாலதான்னு சொல்லிடுவானாம், உங்க தொழில் படுத்துடுமாம். நான் சண்ட போட்டேன். 'அண்ணிக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பாங்கடி, பாவம், அவங்களுக்கே தெரியல'ன்னுட்டாரு."

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை, பிள்ளைகளை விட வரும் அதே நேரத்துக்கு, அதே வாசலில் போய் நின்றேன். கொழுந்தனையும் வரச் சொல்லியிருந்தேன். ஃபில்டரை முதல்வர் கையிலேயே கொடுத்தேன். "வண்டி நின்னது இதனாலதான் சார். இவர் எதையும் கலக்கல, எதையும் விக்கல. இத மாத்தணும்னு நான் உங்ககிட்ட சொல்லல," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னால் நின்றவர்களுக்குக் கேட்க வேண்டுமே என்று இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

முதல்வர் கையில் பட்ட கறுப்பைத் துடைத்துக்கொண்டார். "அவர் இன்னைக்கே வண்டி எடுக்கட்டும். உங்க டிரம்மெல்லாம் நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க."

கொழுந்தன் குறுக்கே வந்தார். "சார், எண்ணெய் நல்ல எண்ணெய் சார். ஃபில்டர் மாத்துனதுக்கப்புறம் வண்டி ஓடுனத நீங்களே பாத்தீங்களே. அண்ணிக்கு இந்த விஷயம் தெரியாது சார், தெரிஞ்சா சொல்லாம இருப்பாங்களா?"

தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"தெரியும் தம்பி," என்றேன்.

அத்தனை பேர் முன்னால் நான் தன்னைத் திருடன் என்று சொன்னபோதுகூட நிமிர்ந்து நின்றவர், அப்போதுதான் தலையைக் குனிந்துகொண்டார்.